உழாத காடும் உழுத காடும்: வாசகர் கேள்வி பதில்

கோடை மழை இரண்டு பெய்துவிட்டால் மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர் பக்கமெல்லாம் டிராக்டர் சத்தம் ஆரம்பித்துவிடும். உழவு பற்றிய கடிதங்களும் அப்போதுதான் வந்து குவிகின்றன. இந்த முறை மேய்ச்சல் நிலத்தை (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தையெல்லாம் காடு என்றுதான் சொல்லுவோம்) உழுவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் ஒருமுறை செய்துவிட்டால் திருப்பிச் சரிசெய்ய நம் ஆயுள் போதாது.

மேச்சேரியிலிருந்து ஒரு விவசாயி: ஐயா, எங்களுக்கு ஐந்து ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. மூன்று ஏக்கரில் சோளம், நிலக்கடலை போடுகிறோம். கரட்டை, அதாவது சின்னப் பாறைக் குன்றை, ஒட்டின இரண்டு ஏக்கர் அப்பா காலத்திலிருந்தே ஆடு மேய விட்டது, ஏர் பட்டதே இல்லை. சட்டிக் கலப்பை போட்டு ஒரு தடவை புரட்டிவிட்டால் மழைக்குப் புல் நன்றாக வரும், பக்கத்துக் காட்டில் அப்படித்தான் வந்தது என்று மகன் சொல்கிறான். செய்யலாமா?

வேண்டாங்க. அந்த இரண்டு ஏக்கரில் கலப்பையை இறக்க வேண்டாம்.

பயிர் வைக்கிற மூன்று ஏக்கருக்குக் கோடை உழவு ஓட்டுங்கள், அதில் மறுபேச்சே இல்லை. சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொன்னது பயிர்க் காட்டுக்குத்தான். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், கூட்டுப்புழு வெயிலில் காயும், கோரைக்கிழங்கு மேலே வந்து வாடும். மேய்ச்சல் காட்டில் அதே உழவை ஓட்டினால் வெயிலில் கிடந்து வாடப்போவது உங்கள் ஆட்டுக்குத் தீனி கொடுத்துக்கொண்டிருக்கும் புல்லின் தூர்.

மகன் பார்த்ததும் பொய்யில்லை. உழுத முதல் வருடம் பச்சையாகத்தான் வரும். பல வருடமாக வேரும் புழுக்கையும் சருகும் மக்கிச் சேர்ந்த சத்து மண் கட்டிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, கலப்பை அந்தக் கட்டிகளை உடைத்துக் காற்றுப் பட வைத்ததும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தழைச்சத்தாக வெளியே விடுகின்றன, அந்தத் தழைச்சத்தை முந்திக்கொண்டு பிடிப்பது சீக்கிரம் முளைத்துப் பூத்துக் காய்ந்துவிடும் செடிகள். மயில்கொண்டைப் புல், நாயுருவி, கிணற்றடிப்பூண்டு, கூடவே பார்த்தீனியம். ஐப்பசியில் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மாசிக்குப் போய்ப் பாருங்கள், வெறும் செம்மண் தெரியும். சேமிப்பில் இருந்ததை எடுத்துச் செலவு செய்த கணக்குதான் அது. தொடர்ந்து உழப்பட்ட புல்வெளி மண்ணில் சில பத்தாண்டுகளுக்குள் மக்குப்பொருள் கால் பங்கிலிருந்து பாதி வரை குறைந்துபோவதைப் பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

நம்ம சேலத்துச் செம்மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. தூளாக உடைந்த பிறகு ஒரு நல்ல மழை அடித்தால் மேலே பொருக்குப் போல ஓடு கட்டிக்கொள்ளும். அப்புறம் பெய்யும் மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும், சின்ன விதைகள் அந்த ஓட்டைக் கிழித்துக்கொண்டு வர முடியாது. உழாத இடத்தில் புல் தூரும் வேரும் அந்த ஓடு கட்ட விடுவதில்லை.

மகனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் அந்த இரண்டு ஏக்கருக்குப் போங்கள். கொழுக்கட்டைப் புல்லின் ஒரு தூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே இருக்கும் காய்ந்த தாளை விலக்கிப் பாருங்கள். ஆடு கடித்த கட்டைகள் நெருக்கமாக நிற்கும். அதற்குக் கீழே, மண்ணுக்குள் ஒரு விரல் ஆழம்கூட இருக்காது, தடித்த கணுக்கள் இருக்கும். நகத்தால் சுரண்டினால் உள்ளே வெளிர்பச்சையாக மொட்டுத் தெரியும். வறட்சி முழுவதும் அந்தப் புல் உயிர் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கணுவில்தான், அடுத்த மழைக்குத் துளிர் கிளம்புவதும் அங்கிருந்துதான். தூரின் மேட்டுப் பக்கத்தில் வழிந்து வந்த மண்ணும் புழுக்கையும் சருகும் தேங்கி ஒரு சின்ன அணை போல நிற்கும், அந்த ஈரத்தில் விஷ்ணுகிராந்தியோ செப்புநெருஞ்சிலோ படர்ந்திருக்கும். விஷ்ணுகிராந்தியின் நீலப் பூ சுண்டுவிரல் நகத்தளவுதான், நடந்துகொண்டே பார்த்தால் கண்ணில் படாது. ஒரு தூரை நம்பி இத்தனை செடிகள். சட்டிக் கலப்பை அந்தக் கணுவைத் தலைகீழாகப் புரட்டிச் சித்திரை வெயிலில் போடுகிறது, அதோடு முடிந்தது.

கிழங்கு வைக்கும் செடிகளின் கதையும், சதைத்தண்டுச் செடிகளின் கதையும் அதுதான். நிலப்பனை, தண்ணீர்விட்டான் கிழங்கு, கரட்டோரத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் பிடுங்கித் தின்னும் கள்ளிமுளையான், இவையெல்லாம் நின்ற இடத்திலேயே மெதுவாகப் பெருகுகிறவை. ஒரு உழவுக்குப் பிறகு இவற்றை வரப்பிலும் பாறை இடுக்கிலும்தான் தேட வேண்டும்.

வாழப்பாடியிலிருந்து ஒரு வாசகி: தாத்தா நிலக்கடலை போட்ட காடு இருபது வருடத்துக்கு மேலாகச் சும்மா கிடக்கிறது. பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும்தான் இருக்கின்றன. பாட்டி சொல்லும் புல்லும் செடியும் பக்கத்துக் கரட்டில் இன்னும் இருக்கின்றன. அங்கிருந்து இங்கே வருவதற்கு இருபது வருடம் போதாதா?

போதாதுங்க அம்மா. எனக்கும் இது வருத்தமான பதில்தான், ஆனால் உலகத்தில் எங்கெல்லாம் இதை அளந்திருக்கிறார்களோ அங்கெல்லாம் கிட்டத்தட்ட இதே பதில்தான் வந்திருக்கிறது.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் சீடர் க்ரீக் என்று ஒரு ஆராய்ச்சி நிலம் இருக்கிறது, மணற்பாங்கான மண். சுற்றுவட்டாரத்தில் வெவ்வேறு வருடங்களில் உழவை நிறுத்திவிட்ட வயல்களையும் கலப்பையே படாத நிலத்தையும் பல பத்தாண்டுகள் ஒப்பிட்டு அங்கே கணக்கெடுத்தார்கள். 2019இல் வந்த முடிவு இது: கைவிட்டு 91 வருடம் ஆன வயலில்கூடச் செடி வகைகள் உழாத நிலத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குத்தான் திரும்பியிருந்தன, விளையும் பசுந்தழையின் அளவு பாதிதான். 91 வருடம் என்பது மூன்று தலைமுறைக்கு மேல். உங்கள் காடு இன்னும் முதல் தலைமுறையைக்கூடத் தாண்டவில்லை.

அதைவிட வறண்ட இடம் கொலராடோவின் வடகிழக்குப் பகுதி, வருடத்துக்கு 300 மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை. 1930களின் புழுதிப்புயல் காலத்தில் விவசாயிகள் விட்டுவிட்டுப் போன வயல்களை 53 வருடம் கழித்து ஆராய்ந்தபோது, அந்த மண்ணுக்கே உரிய நீல கிராமா என்ற புல் சில வயல்களில் ஓரளவு திரும்பியிருந்தது, சிலவற்றில் இன்னும் குறைவாகவே இருந்தது. ஒரே வட்டாரம், ஒரே காலத்தில் கைவிட்டது, ஆனாலும் வயலுக்கு வயல் வித்தியாசம்.

எனக்கு நம் ஊரை ரொம்ப ஞாபகப்படுத்துவது தெற்கு பிரான்சில் இருக்கும் லா க்ரோ. கூழாங்கல் நிறைந்த வறண்ட சமவெளி, ரோமர் காலத்துக்கு முன்பிருந்தே செம்மறி மேய்கிற பூமி. 1960களிலிருந்து அதில் கொஞ்சம் கொஞ்சமாக உழுது முலாம்பழம் போட்டார்கள், சில வருடங்களில் விட்டுவிட்டார்கள். பயிர் வைத்தது கொஞ்ச வருடம், விட்டுப் பல பத்தாண்டு ஆகியும் அந்தத் துண்டுகள் சுற்றியுள்ள பழைய மேய்ச்சல் நிலத்தோடு இன்னும் ஒட்டவில்லை. ஆடு அதே ஆடு, மழை அதே மழை, வேலிக்கு அந்தப் பக்கமே தாய்ச்செடி. இருந்தும் வரவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். முதல் காரணம் விதை. மண்ணுக்குள் விதை பல வருடம் காத்திருக்கும் என்று நாம் நம்புகிறோம், ஆனால் எல்லா விதையும் அப்படி இல்லை. 1879இல் அமெரிக்காவில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் விதைகளைப் புட்டிகளில் போட்டுப் புதைத்து வைத்தார், பின்னால் வந்தவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொன்றாக எடுத்து முளைக்க வைத்துப் பார்க்கிறார்கள். 2021இல் எடுத்த புட்டியில், 142 வருடம் கழித்து, முளைத்தது ஒரு சாலையோரக் களைச்செடி. பொறுமையாகக் காத்திருக்கும் விதைகள் பெரும்பாலும் களைகளுடையவை, ஏனென்றால் மண் எப்போது கிளறப்படும் என்று தெரியாமல் வாழப் பழகியவை அவை. பல வருடம் நிற்கும் புற்களோ வேரையும் தூரையும் நம்பி வாழ்கின்றன, அவற்றின் விதையை எறும்பு தூக்கிப் போகும் அல்லது இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் கெட்டுப்போகும். தாத்தா நிலக்கடலைக்கு வருடா வருடம் உழுதபோது முளைத்ததெல்லாம் அழிந்து, அழிந்ததற்குப் பதில் வர மண்ணில் எதுவும் மிச்சமில்லாமல் போயிருக்கும்.

அடுத்தது தூரம். கரடு பக்கத்தில் இருக்கிறது என்கிறீர்கள், ஆனால் விஷ்ணுகிராந்தியின் விதை காற்றில் பறக்காது, நிலப்பனையின் விதை தாய்ச்செடிக்குப் பக்கத்திலேயே விழும். பார்த்தீனியமோ ஒரு செடிக்கே ஆயிரக்கணக்கில் விதை போடும், அது காற்று, தண்ணீர், லாரிச் சக்கரம், வைக்கோல் என்று எதில் வேண்டுமானாலும் ஏறி வரும். முதலில் வந்தது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சீமைக்கருவேல நிழலுக்கடியில் நம் புல் தலையெடுக்காது.

மண்ணே மாறிப்போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புல் வேரோடு கூட்டுச் சேர்ந்து தூரத்து மணிச்சத்தை உறிஞ்சிக் கொடுக்கும் பூஞ்சை இழைகள் ஒவ்வொரு உழவிலும் அறுந்துபோகின்றன, உரம் போட்ட சத்து வெகுகாலம் தங்குகிறது, கலப்பை திரும்பத் திரும்ப ஒரே ஆழத்தில் போனதால் கீழே ஒரு கெட்டியான அடுக்கு உட்கார்ந்திருக்கும். பிரான்சின் வடகிழக்கில் ரோமர் காலத்தில் சுமார் 200 வருடம் பயிர் செய்துவிட்டு விட்ட பண்ணைகள் இருக்கின்றன, பிறகு கிட்டத்தட்ட 2000 வருடமாக அங்கே மரக்காடுதான். இன்றைக்கும் பழைய பண்ணை இருந்த இடத்தில் வளரும் செடிகள் வேறு, மண்ணின் சத்தும் வேறு. அங்கே செடி வகைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், சத்து விரும்பும் செடிகள் வந்து சேர்ந்ததால். ஆகவே யாராவது உங்களிடம் உழுத காட்டில் இருபது வகை எண்ணினேன், உழாத காட்டிலும் அவ்வளவுதான் என்று சொன்னால், எந்த இருபது என்று கேளுங்கள்.

இதையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்களில் நம் நாட்டுக்காரரும் ஒருவர் உண்டு. ஆஷிஷ் நெர்லேகரும் ஜோசப் வெல்ட்மனும் 2020இல் ஆறு கண்டங்களிலிருந்து 31 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். அழிந்து மறுபடி உருவான புல்வெளிகளில் பழைய புல்வெளியைவிடச் செடி வகைகள் 37 சதவீதம் குறைவு, முழுதாக மீள குறைந்தபட்சம் ஒரு நூற்றாண்டு ஆகும், பெரும்பாலும் அதைவிட மிக அதிகம் என்றார்கள். மரக்காட்டைப் பழைய காடு, புதுக்காடு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த நமக்குப் புல்லையும் அப்படிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

உங்கள் நிலத்துக்கு என்ன செய்யலாம் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு தாவரவியல் மாணவர்: ஆடு மாடு அதிகமாக மேய்வதுதான் மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கிறது என்று படிக்கிறோம். உழவை அதைவிடப் பெரிதாகச் சொல்ல முடியுமா?

முடியும் தம்பி. அதிக மேய்ச்சல் கெடுதல்தான், நல்ல தீனிப் புல் குறைந்து ஆடு தொடாத ஊசிப்புல்லும் கொழிஞ்சியும் ஆவாரையும் ஏறுவதை ஓமலூர்க் கரடுகளில் நீங்களே பார்க்கலாம். ஆனால் வாய் மேலே இருப்பதைக் கடிக்கிறது, தூர் மண்ணிலேயே இருக்கிறது. இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு ஆட்டைத் தள்ளி ஓட்டினால் அந்தத் தூரிலிருந்தே துளிர்த்துவிடும். கலப்பை தூரையே எடுத்துவிடுகிறது. மேய்ச்சலே இல்லாமல் போனாலும் இந்தச் செடிகளுக்கு ஆகாது, புல் உயர்ந்து காய்ந்து சின்னச் செடிகளை மூடிவிடும், அப்புறம் புதர் ஏறும். மேச்சேரிச் செம்மறியும் சேலம் கறுப்பு ஆடும் இந்த நிலத்தோடு சேர்ந்தே வளர்ந்த இனங்கள், அவற்றைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

எம்.எஸ்ஸி. ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். இதையே எடுங்களேன். ஒரே கரட்டின் அடிவாரத்தில் உழாத மேய்ச்சல் காடு ஒன்று, விட்டுப் பத்து வருடம் ஆன காடு ஒன்று, முப்பது வருடம் ஆனது ஒன்று என்று தேடிப்பிடியுங்கள். எப்போது கடைசியாக உழுதார்கள் என்பதை நிலத்துக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள், அங்கே ஆடு மேய்த்த பாட்டியிடமும் கேளுங்கள், வருடத்தை ஊர்த் திருவிழாவையும் பெரிய பஞ்சத்தையும் வைத்துத் துல்லியமாகச் சொல்லுவார்கள். நாலு குச்சி, கயிறு, ஒரு மீட்டர் சதுரம். ஒவ்வொரு காட்டிலும் பல சதுரங்கள் போட்டு உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடியையும் பெயர் எழுதுங்கள், ஒரு பருவச் செடியா பல வருடச் செடியா என்று பக்கத்திலேயே குறியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை. கோடைக் கணக்கை விட்டுவிடாதீர்கள், யார் நிஜமாகவே அந்த மண்ணில் குடியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

எடப்பாடியிலிருந்து ஒருவர்: காங்கயம் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் கொரங்காட்டைச் சில வருடத்துக்கு ஒருதரம் உழுகிறார்கள், புல் நன்றாகத்தானே இருக்கிறது? மாட்டு ஏரும் தப்பா?

நல்ல கேள்வி, இதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். கொரங்காடு தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வைத்துக் காப்பாற்றுகிற மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், பட்டியைப் பிரித்துப் பிரித்து மேய விடுகிறார்கள். புல் அடர்ந்து மண் இறுகிப்போனால் மழைக்கு முன்னால் மேலாக ஓட்டிப் புல் விதையும் கொள்ளு மாதிரி எதையாவதும் சேர்த்துத் தெளிக்கிறார்கள். தீனிக்கு அது அருமையான ஏற்பாடு, வறட்சியில் காங்கயம் மாட்டைக் காப்பாற்றியது அதுதான், யாராவது அதை விற்று மனை போடுகிறேன் என்றால் கையைப் பிடித்துத் தடுப்பேன். ஆனால் அந்த நிலம் ஒரு சில தீனிச் செடிகளுக்காகத் தயார்செய்யப்பட்டது, விதையும் விதைப்பவர் கையிலிருந்தே வருகிறது. உழவே படாத கரட்டோர மேய்ச்சல் காட்டில் இருக்கும் பலவகைச் செடிக்கு விதை தர யாரும் கிடையாது. கொரங்காட்டில் சரியானதை அங்கே கொண்டுபோய்ச் செய்யக் கூடாது.

மாட்டு ஏர் மெதுவாக, மேலாகக் கீறிப் போகும், பாறை வந்தால் சுற்றிப் போகும், மரத்தடியை விட்டுவிடும். அப்படி விட்டுப்போன இடங்களிலிருந்துதான் செடிகள் திரும்பப் பரவின. டிராக்டரின் ஒன்பது கொத்துக் கலப்பையும் சட்டிக் கலப்பையும் வரப்பைக்கூட விடுவதில்லை, ரோட்டவேட்டர் தூரைப் பொடிப்பொடியாக்கிவிடுகிறது. வித்தியாசம் ஆழத்திலும் இருக்கிறது, விட்டுவைத்த மூலை முடுக்குகளிலும் இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து ஒரு ஆசிரியை: மலைமேல் மழை அதிகம். இங்கேயும் இதே கதைதானா?

ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரமும் நல்ல மழையும் இருப்பதால் விட்ட இடம் சீக்கிரம் மூடிக்கொள்ளும், ஆனால் மூடுவது பெரும்பாலும் உண்ணிச்செடி. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காபி வந்ததிலிருந்து மலையில் எவ்வளவோ இடம் கைமாறியிருக்கிறது. சரிவில் உழுதால் முதலில் போவது மண், செடியைப் பற்றிப் பேசவே அப்புறம் இடமிருக்காது. சாமையும் தினையும் போட்டவர்கள் சரிவில் கொத்தி விதைத்துவிட்டுச் சில வருடம் ஓய்வு விட்டார்கள், அந்த ஓய்வு சுருங்கிப்போனதுதான் இப்போதைய சங்கடம். உங்கள் மாணவர்களைச் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிக்குக் கூட்டிப்போனால் மழைக்குப் பிறகு புல்லுக்கு நடுவில் இருக்கும் சிறு செடிகளைக் காட்டுங்கள். மரமில்லாத இடம் என்றால் வெற்றிடம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

தாரமங்கலத்திலிருந்து: எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கில் பொக்லைன் வைத்து வரிசையாகப் பள்ளம் எடுத்து மரக்கன்று நடப்போவதாகச் சொல்கிறார்கள். நல்லதுதானே?

மரம் நல்லது, இடம் தப்பு. வருவாய்க் கணக்கில் தரிசு, புறம்போக்கு என்று எழுதியிருப்பதால் அங்கே ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் பட்டா நிலமெல்லாம் உழப்பட்டுவிட்ட பிறகு ஊரில் கலப்பை படாமல் மிச்சம் இருப்பது பெரும்பாலும் அந்த மேய்க்கால் மட்டும்தான். பொக்லைன் பள்ளம் உழவைவிட ஆழமானது, அடிமண்ணைத் தூக்கி மேலே போட்டுவிடும். ஏரிக்கரை, ரோட்டோரம், பள்ளிக்கூட வளாகம், ஏற்கெனவே உழுது விட்ட காடு என்று கன்று நட எத்தனையோ இடம் இருக்கிறது. கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள். பொது நிலங்களை ஊர்ப் பொது உபயோகத்துக்கே காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது, அது ஆக்கிரமிப்பு பற்றிய தீர்ப்பு என்றாலும் மேய்க்கால் ஊருக்குச் சொந்தமான சொத்து என்று பேசுவதற்குக் கைகொடுக்கும்.

காடையாம்பட்டியிலிருந்து: எங்கள் மேய்ச்சல் காட்டை நாலு வருடம் முன்னால் உழுதுவிட்டோம். இனி என்ன செய்வது?

முதலில், மறுபடி உழாதீர்கள். களை வந்திருக்கிறது, இன்னொரு ஓட்டு ஓட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஒவ்வொரு ஓட்டும் கடிகாரத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கிறது, களை விதைக்கு அதைவிட வேண்டியது எதுவுமில்லை. பார்த்தீனியத்தைப் பூ எடுப்பதற்கு முன்னால், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். சீமைக்கருவேலக் கன்றுகளையும் சின்னதிலேயே எடுத்துவிடுங்கள், வளர்ந்துவிட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

நாலு வருடம்தான் ஆகிறது என்பது உங்களுக்குச் சாதகம். வரப்பிலும் பாறை ஓரத்திலும் வேலியடியிலும் கலப்பை விட்டுப்போன தூர்கள் கட்டாயம் இருக்கும், அவற்றைத் தேடிக் கண்டுபிடித்துக் கல் வைத்து அடையாளம் செய்யுங்கள். மழைக் காலத்தில் அந்தச் செடிகள் பூத்து விதை உதிரும் வரை ஆட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள். விதை முற்றிய பிறகு ஆட்டை அங்கே மேயவிட்டு, அன்று சாயங்காலமே உழுத இடத்தில் பட்டி போடுங்கள். ஜெர்மனியில் ஒரே ஒரு செம்மறியின் உடம்பைத் தொடர்ந்து சோதித்ததில் 85 வகைச் செடிகளின் 8,000க்கும் மேற்பட்ட விதைகள் ஒட்டியிருந்தன. நம் மேச்சேரி ஆட்டுக்கு நீளமான ரோமம் இல்லை, அதனால் அவ்வளவு ஒட்டாது, ஆனால் குளம்புச் சேற்றிலும் புழுக்கையிலும் விதை போகும். வெள்வேலங்காயைத் தின்ற ஆட்டின் புழுக்கைக்குள்ளிருந்து கன்று முளைப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கரட்டில் புல் காய்ந்து விதையோடு நிற்கும்போது தாளை அறுத்து வந்து உழுத இடத்தில் மெல்லியதாகப் பரப்பலாம். விதையும் விழும், ஓடு கட்டிய மண்ணுக்கு மூடாக்கும் ஆகும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் அறுக்காதீர்கள், அந்தக் கரடும் பிழைக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல் விதை வாங்கித் தெளிப்பதென்றால் ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ போதும், புதிதாக அறுத்த விதை சரியாக முளைக்காது, ஆறேழு மாதமாவது ஆறப்போட்ட விதையாக வாங்குங்கள், முதல் நல்ல மழைக்கு மேலாகத் தூவி ஆட்டை ஒருதரம் மேலே நடக்கவிட்டால் போதும், ஆழமாகப் போனால் முளைக்காது. முழுக்க அதையே தெளித்து நிரப்பிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் அரிசோனாவிலும் அதே புல் மற்றதையெல்லாம் நெருக்கித் தள்ளிவிட்டது. இங்கே அது சொந்தப் புல்தான் என்றாலும், சின்னச் செடிகளுக்கு இடம் விட்டுத் திட்டுத் திட்டாகத் தெளியுங்கள்.

லா க்ரோவில் 2009இல் எண்ணெய்க் குழாய் உடைந்து சுமார் 5 ஹெக்டேர் பாழானபோது, வேறிடத்தில் தோண்டப்படவிருந்த மேய்ச்சல் நிலத்தின் மண்ணையே அள்ளிவந்து பரப்பினார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் சின்ன அளவில் செய்ய ஒரு வாய்ப்பு வருவதுண்டு. பக்கத்தில் யாராவது உழாத இடத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள், ரோடு அகலப்படுத்துகிறார்கள் என்றால் மேல்மண்ணைப் புல் தூரோடு அரை அடி ஆழத்துக்கு எடுத்து வந்து, மழைக்காலத் தொடக்கத்தில், உங்கள் காட்டில் அங்கங்கே பதித்துவிடுங்கள். மண்ணைக் குவித்து வைத்து நாள்கடத்த வேண்டாம், குவியலுக்குள் சூடேறி வேரும் பூஞ்சையும் செத்துப்போகும். எடுத்த அன்றைக்கே பதித்துவிட வேண்டும், பதித்த இடத்தைச் சுற்றி முதல் இரண்டு மழைக்கு முள் வெட்டிப் போட்டுவிடுங்கள்.